தீவுகளைக் கண்ட லாங்கர்ஹான்ஸ்

பாம்பன் பாலத்தின் மேல் நின்று தெற்கே நோக்கினால் குருசடைத் தீவு கண்ணில் படும். அங்கிருந்து தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் வரிசையாய்க் கிடந்த தீவுகள் 21 என்பது கணக்கு. அவற்றுள் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. தீவு என்ற சொல் நம் சீமையினருக்குப் புதிதன்று. இராமேசுவரமே ஒரு தீவுதானே! ஆனால் நம் ஒவ்வொருவர் வயிற்றினுள்ளும் ஏறத்தாழ 10 இலட்சம் தீவுகள் இருக்கின்றன என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படைவோம். இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் கணையம் என்னும் சுரப்பியில், கடலில் திட்டுத் திட்டாய்த் தெரியும் நிலம் போல அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றை முதன்முதலில் கண்டு எழுதி வைத்தவர் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர். அவருடைய வாழ்வும் ஒரு தீவிலேயே முடிந்தது.

1847-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் பெர்லின் மாநகரில் அவர் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற மருத்துவர். அரசியலிலும் ஈடுபாடு கொண்டவர். லாங்கர்ஹான்ஸ் சிறுவனாக இருந்தபோதே தாயார் காசநோய்க்குப் பலியானார். அந்த நோய் பின்னாளில் மகனையும் தேடி வந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஜெனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கு விலங்கியல் அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கலின் தொடர்பு கிடைத்தது. பின்னர் பெர்லினுக்குத் திரும்பி, நோய்க்கூறு இயலின் தந்தை எனப் போற்றப்படும் ருடால்ஃப் விர்ச்சோவின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றார். இத்தகைய ஆசிரியர்கள் வாய்ப்பது ஒரு பேறு. வாய்த்ததைப் பயன்படுத்திக்கொள்வது வேறொரு திறமை. லாங்கர்ஹான்ஸிடம் இரண்டும் இருந்தன.

1868-இல், மாணவராக இருக்கும்போதே, தோலைத் தங்க உப்புக் கரைசலில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். மேல்தோலில், கிளைகள் விரித்த மரம் போன்ற உயிரணுக்கள் தென்பட்டன. அவை நரம்பைச் சேர்ந்தவை என்று அவர் கருதினார். அந்தக் கருத்துத் தவறானது. ஆயினும் அந்த அணுக்களுக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. இவற்றைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டில் வந்தது கணையம். 1869 பிப்ரவரியில் அவர் தம் மருத்துவப் பட்டத்துக்காக அளித்த ஆய்வேடு, கணையத்தின் நுண் அமைப்பைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது 21. நம் வகுப்பில் பட்ட ஆண்டுத் தேர்வு எழுதும் வயதுதான்! பெரும்பாலும் முயலின் கணையத்தையே எடுத்துக்கொண்டார். சுரப்பியின் குழாய் வழியே நீலச் சாயத்தைச் செலுத்தினார். குரோமிய உப்பு கலந்த நீரில் ஊறவைத்தார். நார் நாராகப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தார். ஒன்பது வகை உயிரணுக்களை அந்த ஏட்டில் விவரித்திருக்கிறார். செரிமான நீர் சுரக்கும் அணுக்களுக்கு இடையே, அவற்றோடு ஒட்டாத வேறொரு கூட்டம் இருந்தது. சிறியவை, பல கோணம் கொண்டவை, உள்ளே தெளிவாக இருப்பவை. கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தவை. ஒவ்வொரு கூட்டத்தின் குறுக்களவு 0.1 முதல் 0.24 மி.மீ. வரை என்று அளந்து எழுதினார். இவற்றின் வேலை யாது? தமக்குத் தெரியாது என்பதை அவர் ஒளிக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி ஏட்டை நிரப்பும் வழக்கம் அக்காலத்திலும் இருந்திருக்கத்தான் வேண்டும். அந்த இளைஞர் அதைச் செய்யவில்லை.

பட்டம் பெற்ற பின் எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளில் பயணம் செய்தார். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. காயம்பட்டோருக்குப் பணி செய்யப் போனார். பின்னர் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு இயல் கற்பித்தார். பேராசிரியர் பதவியும் கைக்கு எட்டியது. 1874-இல் காசநோய் கண்டது. நோய்க்கு மருந்து இல்லாத காலம் அது; நல்ல காற்றும் ஓய்வுமே மருந்து என நம்பினர். இத்தாலியிலும் சுவிட்சர்லாந்து மலைகளிலும் தங்கிப் பார்த்தார். குணமாகவில்லை. 27 வயதில் பதவியைத் துறந்து, 1875-இல் அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா என்னும் போர்ச்சுகீசியத் தீவுக்குச் சென்றார்.

அத்துடன் ஆய்வு முடிந்தது என்றே எவரும் நினைப்பர். தீவின் காற்று ஓரளவு உடல்நலத்தை மீட்டுத் தந்ததும், அவர் கடற்கரைக்குப் போனார். மருத்துவக் கல்லூரி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, கடல் இருந்தது. மதீராக் கரையின் கடற்புழுக்களைச் சேகரித்து, ஒவ்வொன்றாய் விவரித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். ஒரு புழுப் பேரினத்துக்குத் தம் ஆசிரியரின் பெயரால் விர்ச்சோவியா என்று பெயரிட்டார். ஆசானின் பெயரைப் புழுவுக்கு வைப்பது நம் ஊரில் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். விலங்கியலாருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மண்டபத்திலும் குருசடையிலும் சேற்றையும் பவளப்பாறையையும் கிளறிப் பார்த்த மாணவர்களுக்கு, அந்த ஆண்டுகளில் அவர் அடைந்த இன்பம் நன்கு விளங்கும்.

மதீராவின் தலைநகரான ஃபுஞ்சாலில் மருத்துவத் தொழிலும் நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து அங்கு வந்தவர்களில் பலர் அவரைப் போன்றே காசநோயாளிகள். 1885-இல் தம்மிடம் சிகிச்சை பெற்று இறந்த ஒருவரின் மனைவியை மணந்தார். மணவாழ்க்கை மூன்றாண்டுகளே நீடித்தது. சிறுநீரகம் பழுதுபட்டு 1888 ஜூலை 20-ஆம் நாள் காலமானார். 41 வயது நிறைய ஐந்து நாட்கள் குறைவு. ஃபுஞ்சாலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாம் கண்ட அணுக்கூட்டங்கள் எதற்காக இருக்கின்றன என்பதை அவர் அறியவே இல்லை.

மறு ஆண்டே விடையின் முதற்பகுதி வெளிப்பட்டது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை நீக்கினர். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1893-இல் பிரெஞ்சு அறிஞர் லாகேஸ் அந்த அணுக்கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் நீரிழிவால் மரணப் படுக்கையில் கிடந்தான். ஆட்டின் கணையத் துண்டுகளை அவன் தோலுக்கடியில் வைத்துத் தைத்தனர். மூன்றாம் நாள் அவன் இறந்தான். இன்சுலின் கண்டுபிடிக்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன.

1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த கதை நாம் அறிந்ததே. அதில் மீனின் பங்கு ஒன்று உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. சில எலும்பு மீன்களில் இந்தத் தீவுத் திசு கணையத்தோடு கலவாமல் தனி உருண்டையாக நிற்கும். 1922-இல் மக்ளியோட் கனடாவின் கடற்கரை நிலையம் ஒன்றில் அத்தகைய மீன்களை அறுத்து, உருண்டையிலிருந்து இன்சுலின் எடுத்துக் காட்டினார். செரிமான நீர் சுரக்கும் பகுதியில் அது கிடைக்கவில்லை. லாங்கர்ஹான்ஸ் விட்டுச் சென்ற கேள்வி ஒரு மீன்பிடிக் கரையில் தீர்ந்தது.

இன்சுலின் உயிரைக் காத்தது, நோயை நீக்கவில்லை. இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை நீரிழிவில் நாள்தோறும் ஊசி வேண்டும். அளவு மிகுந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம், சில வேளை மரணம். ஆகவே தீவுகளையே உயிரோடு எடுத்து நோயாளிக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டனர். கேட்பது எளிது. கணையத்தின் எடையில் தீவுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. மீதி முழுதும் செரிமான நீர். அது கசிந்தால் தீவுகளையே தின்றுவிடும்.

நம் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்ததும் கழுவி முத்தை எடுத்தார்கள். தீவைப் பிரிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் முத்துக்கு உயிரில்லை. தீவுக்கு உயிர் உண்டு. சதை கரைய வேண்டும், தீவு சாகக் கூடாது. 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பால் லேசி என்பவர் எலியின் கணையக் குழாயில் உப்புநீரைச் செலுத்தி அதை உப்பச் செய்தார். பிறகு, தசைநாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்னும் நொதியில் இட்டார். தீவுகள் நூற்றுக்கணக்கில் கழன்று வந்தன. லாங்கர்ஹான்ஸ் சாயம் செலுத்திய அதே குழாய்தான்! 1972-இல் அவ்வாறு எடுத்த தீவுகள் நீரிழிவு எலிகளின் சர்க்கரையைத் தாழ்த்தின.

மனிதக் கணையம் எலியினுடையதைப் போல் எளிதில் வசப்படவில்லை. 1988-இல் ரிக்கார்டி என்பவர் எஃகுக் குண்டுகள் இட்ட ஒரு கலத்தை அமைத்தார். நொதி ஊட்டிய கணையம் அதில் மெல்லக் குலுக்கப்படும். கழன்ற தீவுகள் சல்லடை வழியே உடனுக்குடன் வெளியேறும். பின்னர் அடர்த்தி வேறுபட்ட கரைசல்களில் சுழற்றினால் இலேசான தீவுகள் மேலே தங்கும், கனமான சதை கீழிறங்கும். துத்தநாகத்தோடு சேர்ந்து சிவக்கும் ஒரு சாயத்தைச் சேர்த்தால் தீவு மட்டும் சிவப்பாய்த் தெரியும். அவற்றை ஊசி வழியே கல்லீரலுக்குச் செல்லும் நாளத்தில் செலுத்துவர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

கனடாவின் எட்மண்டன் நகரில் இவ்வாறு சிகிச்சை பெற்ற ஏழு நோயாளிகளும் இன்சுலின் ஊசியை விட்டனர் என்ற செய்தி 2000-இல் வெளியாகி உலகை வியக்க வைத்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அங்கு சிகிச்சை பெற்றவர்களைக் கணக்கெடுத்தபோது, ஊசியின்றி இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவினரே. ஒருவருக்கு இரண்டு பேரின் கணையம் தேவைப்பட்டது. அந்நியத் திசுவை உடல் தாக்காதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். இந்தத் தாக்குதலைத் தூண்டுவன, உடலுக்குள் புகும் அந்நியப் பொருளை இனங்கண்டு அறிவிக்கும் கிளையணுக்கள். 1868-இல் லாங்கர்ஹான்ஸ் தோலில் கண்டு நரம்பு என்று நினைத்தாரே, அவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த காவலணுக்களே என்பது 1970-களில் தெளிவாயிற்று.

நம் வீடுகளில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை நீரிழிவு. அதற்கு இச்சிகிச்சை உரியதன்று. யாரும் வீண் நம்பிக்கை கொள்ள வேண்டாம். சர்க்கரை தாழ்வதை முன்கூட்டி உணர இயலாத முதல் வகை நோயாளிகளுக்கே இது. அமெரிக்க அரசு 2023-இல் அவ்வகையினருக்கென இதற்கு ஒப்புதல் அளித்தது.

பிரித்த தீவுகளை எண்ணும்போது பெரிதும் சிறிதுமாய் இருப்பவற்றை ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும். அதற்காக 150 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு தீவையே எங்கும் அலகாக வைத்திருக்கிறார்கள். 150 மைக்ரான் என்பது 0.15 மி.மீ. அந்த 21 வயது மாணவர் 1869-இல் அளந்து எழுதிய அளவுக்குள்ளேயே அது அடங்குகிறது.