குளம் வெட்டினார், வாத்துகள் வந்தன!

வேட்டைக்காரர் ஒருவர் பறவைகளுக்காகக் குளம் வெட்டினார். நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். காட்டு வாத்து ஒன்றுகூட இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

அவர் பெயர் ஜாக் மைனர். 1865-ம் ஆண்டு அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தில் பிறந்தவர். 13 வயதில் குடும்பத்தோடு கனடா நாட்டின் கிங்ஸ்வில் என்ற ஊரில் குடியேறினார். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. 33 வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

குடும்பத் தொழில் செங்கல் சூளை. வயலில் தேங்கும் நீரை வடிக்கும் மண்குழாய்களும் செய்து விற்றார்கள். அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள் பல இப்படிப்பட்ட குழாய்களால்தான் விளைநிலம் ஆயின. உழவனுக்கு லாபம். நீர்ப்பறவைக்கோ இருந்த இடமும் போயிற்று. மிச்சம் இருந்த பறவைகளை மைனர் சுட்டு விற்றார்.

1898-ல் வேட்டைக்குப் போன இடத்தில் அவருடைய உடன்பிறந்த டெட் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தார். மைனரின் மனம் உடைந்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

வானத்தில் போகும் வாத்துகள் தன்னைக் கண்டதும் விலகிப் பறப்பதை அவர் கவனித்திருந்தார். எதிரியை அறிகிற பறவை நண்பனை அறியாதா என்று எண்ணினார். 1904-ல் தன் நிலத்தில் குளம் அமைத்தார். இறகு கத்தரித்த ஏழு வளர்ப்பு வாத்துகளை அதில் விட்டார். மேலே போகும் கூட்டம் இவற்றைப் பார்த்து இறங்கும் என்பது அவர் கணக்கு.

1908-ல் கணக்குப் பலித்தது. 11 வாத்துகள் இறங்கின! பிறகு நூற்றுக்கணக்கில் வந்தன. குளத்தைப் பெரிதாக்கினார். மரங்கள் நட்டார். மக்காச்சோளம் இறைத்தார். 1913-க்குள் பண்ணை முழுவதும் பறவைச் சரணாலயம் ஆகிவிட்டது.

வந்த பறவைகள் எங்கே போகின்றன? 1909-ல் ஒரு வாத்தின் காலில் அலுமினிய வளையம் மாட்டினார். அதில் தன் முகவரியைப் பொறித்திருந்தார். 1910-ல், சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே உள்ள தென் கரோலினாவிலிருந்து வளையம் கிடைத்ததாகத் தகவல் வந்தது! பின்னர் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் மாட்டினார். பைபிள் வாசகங்களும் பொறித்தார். வடக்கே ஹட்சன் விரிகுடாப் பக்கத்துப் பழங்குடி வேட்டைக்காரர்களிடமிருந்தும் வளையங்கள் திரும்பின.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பருந்தும் காக்கையும் மற்றப் பறவைகளுக்குப் பகை என்று அவற்றைக் கொன்றார். இன்றைய பறவை நிபுணர்கள் இதை ஒப்புவதில்லை.

1944 நவம்பரில் மைனர் காலமானார். வயது 79. அவர் பிறந்த ஏப்ரல் 10-ந் தேதி வரும் வாரத்தை வனவிலங்கு வாரமாக்கி 1947-ல் கனடா சட்டம் செய்தது. கிங்ஸ்வில் சரணாலயத்துக்கு இன்றும் வாத்துகள் வருகின்றன.