முரட்டுக் குதிரைகளைப் பழக்கிய ரேரி

ஜான் சாலமன் ரேரி 1827ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், குரோவ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அடித்து மிரட்டித்தான் குதிரையைப் பழக்க முடியும் என்று பலரும் நம்பிய காலம் அது. இளம் வயதிலேயே குதிரை பழக்கத் தொடங்கிய ரேரி அதை ஏற்கவில்லை. குதிரை உதைப்பது பெரும்பாலும் பயத்தால்தான் என்பதைத் தன் அனுபவத்தில் கண்டார். 1856ல் புத்தகமாகவும் எழுதினார்.

மேய்ச்சலில் திரியும், கைபடாத குட்டியைப் பிடிக்க அவர் சொன்ன வழி எளிமையானது. கூச்சலிட்டுத் துரத்தக் கூடாது. தள்ளி நின்று சுற்றி வந்து, நடக்கும் வேகத்திலேயே கொட்டிலுக்கு ஓட்ட வேண்டும். சாதுவான ஒரு குதிரையை முன்னால் நடத்திச் சென்றால் குட்டி தானே பின்தொடரும். உள்ளே வந்ததும் மற்ற குதிரையை வெளியேற்றிவிட வேண்டும்; நாய், கோழி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பிறகு ஆள் மட்டும் நுழைந்து, குட்டி தன்னைப் பார்த்துப் பழகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நேர் எதிரிலும் போகாமல், பின்கால் பக்கமும் போகாமல், தோளை நோக்கிச் சாய்வாக நெருங்க வேண்டும். அது நகர்ந்தால் நாம் நின்றுவிட வேண்டும். முதலில் தொடுவது கழுத்தை. தடவுவது முடி படிந்த திசையில். கயிற்றில் செய்த தலைக்கட்டு இழுக்க இழுக்க மூக்கை இறுக்கி மிரட்சியைக் கூட்டும் என்பதால், தோல் வாரையே பயன்படுத்தச் சொன்னார்.

இங்கிலாந்து சென்று 1858ல் விக்டோரியா மகாராணி முன்னிலையில் தன் முறையைச் செய்து காட்டினார். குரூசர் என்ற பொலிகுதிரையின் கடிக்கு அஞ்சி அதன் வாய்க்கு இரும்புக் கூடு மாட்டியிருந்தார்கள். அதை அவர் சில மணி நேரத்தில் பழக்கியது பெரும் பேச்சானது.

முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டி, குதிரையைப் படுக்க வைப்பதுதான் அவரைப் பிரபலமாக்கிய முறை. அனுபவமில்லாதவர் அதில் கைவைத்தால் குதிரைக்கும் ஆளுக்கும் காயம் படலாம். பயந்து அடங்கிய குதிரையைப் பழகிவிட்டதாக எண்ணும் ஆபத்தும் உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கொட்டிலில் அவர் காட்டிய பொறுமையைத்தான். மிரளும் மாட்டுக் கன்றுக்கும் அது பொருந்தும்.

குரூசரைத் தன்னுடனேயே சொந்த ஊருக்குக் கொண்டு சென்றார் ரேரி. 1866ல், 38 வயதில் அவர் இறந்தார். குரூசர் அதன் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது.