அரக்க முகத்தின் பின்னால் ஒரு மனிதர்

ஒக்டோபர் 31ஆம் திகதி மேலை நாடுகளில் ஹலோவீன் இரவு. பிள்ளைகள் பேய், பூத வேடம் போட்டுக்கொண்டு அயல் வீடுகளுக்குப் போய் இனிப்பு வாங்குவார்கள். அது நாம் கொண்டாடும் நாளல்ல. ஆனாலும் அந்த நாளோடு ஒட்டிப் போன ஒரு முகத்தை நம்மில் பலர் எங்காவது கண்டிருப்போம். தட்டையான உச்சந்தலை, நெற்றியில் தழும்பு, கழுத்தின் இரு புறமும் இரும்பு முளை, பாதி மூடிய கண்கள். பலரும் அதனை ஃபிராங்கன்ஸ்டைன் என்று அழைக்கிறார்கள். உண்மையில் அது அந்த உருவத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். 1818ஆம் ஆண்டு மேரி ஷெல்லி என்ற இளம்பெண் எழுதிய நாவலில் அந்த உருவத்துக்குப் பெயரே கிடையாது.

கனடாவில் வாழும் என் சாச்சியின் மகன் அந்த முகத்தைப் பென்சிலில் வரைந்து தரும்படி கேட்டிருந்தான். இவ்வளவு பயங்கரமான முகத்தை ஏன் வரைகிறாய் என்று வாப்பா கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே அந்த முகத்துக்குரியவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர்தான் பொரிஸ் கார்லோஃப்.

அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23ஆம் திகதி லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. தந்தை பிரித்தானிய இந்தியாவின் உப்பு வரித் திணைக்களத்தில் பணியாற்றியவர். பெற்றோர் இருவரின் குடும்பத்திலும் இந்திய வேர்கள் இருந்தன. சிறு வயதிலேயே தாயை இழந்ததால் மூத்த சகோதரர்களின் பராமரிப்பில் வளர்ந்தார். அண்ணன்மாரைப் போல இவரும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பதே வீட்டாரின் விருப்பம். இவருக்கோ நாடகத்தின் மீது ஆசை.

ஆனால் அவருக்குத் திக்குவாய் இருந்தது. சில எழுத்துகளைச் சரியாக உச்சரிக்கவும் நாக்கு இடம் கொடுக்கவில்லை. இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். எனக்கும் திக்குவாய் உண்டு. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது, என் முறை வரும்வரை வரிகளை எண்ணிக்கொண்டிருப்பவள் நான். அப்படிப்பட்ட ஒருவர் மேடையைத் தேடிப் போனார் என்பதை நம்பவே கடினமாக இருந்தது.

1909இல் அவர் கனடாவுக்குப் புறப்பட்டார். பண்ணையில் கூலி வேலை செய்தார். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் சேர்ந்து, பெயரையும் பொரிஸ் கார்லோஃப் என மாற்றிக்கொண்டார். ஹொலிவூட்டுக்கு வந்த பிறகும் வாழ்க்கை இலகுவாகவில்லை. சின்னச் சின்ன வேடங்களே கிடைத்தன. வருமானம் போதாமல் லொறி ஓட்டினார். எண்பது படங்கள் அளவில் நடித்து முடித்தும் அவரை யாருக்கும் தெரியாது.

1931இல் இயக்குநர் ஜேம்ஸ் வேல் ஸ்டூடியோவின் உணவகத்தில் அவரைக் கண்டார். அந்த முகத்தின் எலும்பமைப்பு வேலைக் கவர்ந்தது. வேல் ஓவியமும் அறிந்தவர். கார்லோஃபின் தலையைத் தாளில் வரைந்து பார்த்தார். உலகம் பயந்த அந்த முகம் முதலில் தாளில்தான் பிறந்திருக்கிறது என்று அறிந்தபோது, பென்சில் பிடிக்கும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அதற்கு உயிர் கொடுத்தார். மூளையை உள்ளே வைப்பதற்காக மண்டையைப் பானை மூடி போல வெட்டித் திறந்திருப்பார்கள் என்று அவர் எண்ணினார். உச்சந்தலை தட்டையானது அதனால்தான். ஒவ்வொரு நாளும் ஒப்பனைக்கு நான்கு மணித்தியாலம் அளவில் பிடித்தது. கார்லோஃப் தமது கட்டுப்பல்லைக் கழற்றி ஒரு பக்கக் கன்னத்தைக் குழியாக்கினார். கண்கள் அதிகம் விழிப்பாகத் தெரிகின்றன என்று சொல்லி, இமைகளில் மெழுகு வைக்கச் செய்தவரும் அவரே. அப்போதுதான் பிறந்து உலகத்தைப் புரியாமல் பார்க்கும் பார்வை அதனால் வந்தது.

இவற்றை அறிந்த பிறகு வரைவது எனக்கு வேறு விதமாக இருந்தது. நெற்றிக்கு மேலிருந்து வெளிச்சம் விழுவதாக வைத்துக்கொண்டு, கண்குழிக்கும் கன்னக்குழிக்கும் 6பி பென்சிலால் இருள் கொடுத்தேன். இமைகளை மட்டும் எச்பி பென்சிலால் மெல்லத் தொட்டேன். இமை பாரமாக இறங்க இறங்கப் பயங்கரம் குறைந்து சோகம் கூடியது.

அந்தப் படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. உறுமலும் முனகலும் மட்டுமே. ஏரிக்கரைக் காட்சியொன்றில் ஒரு சிறுமி பயமின்றி அவருக்குப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். பூக்கள் முடிந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தண்ணீரில் போட்டுவிடுகிறது அந்த உருவம். அறியாமையால் நடந்த கொடுமை அது. தணிக்கையில் இக்காட்சியின் கடைசிப் பகுதி வெட்டப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆனாலும் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். அந்த உருவத்துக்காக இரங்கிப் பல சிறுவர்கள் கார்லோஃபுக்குக் கடிதம் எழுதினார்கள்.

படத்தின் தொடக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டுமே காட்டப்பட்டது. நாற்பத்து நான்கு வயதில் அவர் உலகப் புகழ் பெற்றார். பாரமான சப்பாத்துகளோடு மற்றொரு நடிகரைத் தூக்கிச் சுமந்ததில் முதுகு பழுதானது. அந்த வலி ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. நடிகர்களின் வேலை நேரம் எவ்வளவு கொடுமையானது என்பதை அனுபவித்தறிந்த அவர், 1933இல் ஹொலிவூட் நடிகர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். வேலை பறிபோகலாம் என்ற அச்சம் இருந்த காலம் அது. புகழ் வந்த பிறகு தன் காரியத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை.

அவருடைய குரலும் வீணாகவில்லை. திக்குவாயை அவர் காலப்போக்கில் அடக்கிக்கொண்டார். உச்சரிப்புக் குறை இறுதிவரை இருந்தது. அதே குரலில் சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவு செய்தார். 1966இல் கிரின்ச் என்ற தொலைக்காட்சிச் சித்திரப் படத்துக்குக் கதை சொன்னார். அதன் இசைத்தட்டுக்குச் சிறுவர் பிரிவில் கிராமி விருது கிடைத்தது.

முதுமையில் காலுக்குத் தாங்கியும் மூச்சுக்கு ஒட்சிசனும் தேவைப்பட்ட நாட்களிலும் அவர் நடிப்பை விடவில்லை. 1969 பெப்ரவரி 2ஆம் திகதி, 81 வயதில், இங்கிலாந்தில் காலமானார். 1997இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் வெளியிட்ட முத்திரைகளில் அவர் ஏற்ற இரண்டு வேடங்கள் இடம்பெற்றன.

வாப்பாவிடம் இவையனைத்தையும் சொன்னேன். சொல்லும்போது சில இடங்களில் நாக்கு தடுக்கியது. வாப்பா அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அச்சமூட்டும் முகத்தைக் கண்டால் நாம் விலகி ஓடுகிறோம், தடுமாறும் பேச்சைக் கேட்டால் பொறுமை இழக்கிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால், கேட்டால், அங்கே ஒரு மனிதர் இருப்பார். வரும் தவணைத் தமிழ் மன்றக் கூட்டத்தில் கார்லோஃபைப் பற்றிப் பேசுவதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.