காதலி வீட்டு ஷெட்டில் பிறந்த கார்!

காரை ஷோரூமில் வாங்காமல், பார்ட் பார்ட்டாக வாங்கி வந்து வீட்டு ஷெட்டில் நாமே பூட்டி ஓட்டினால் எப்படியிருக்கும்? 1950-களில் இங்கிலாந்து இளைஞர்கள் பலரை ஸ்பேனரும் கையுமாக அலையவிட்டவர், 'லோட்டஸ்' நிறுவனர் காலின் சாப்மன். அவரே அப்படி ஒரு ஷெட்டில் இருந்து வந்தவர்தான்.

1928-ல், லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். யுனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்துக்கொண்டே, நண்பரோடு சேர்ந்து பழைய கார் வியாபாரம். போர் முடிந்த சமயம் என்பதால் புது கார் லேசில் கிடைக்காது. பழைய காருக்கு செம கிராக்கி. ஆனால், 1947 இறுதியில் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியது. அவ்வளவுதான், வியாபாரம் படுத்துவிட்டது. இருந்ததையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஒரு பழைய ஆஸ்டின் செவன் மட்டும் விலை போகவில்லை.

வேறு யாராவது என்றால் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பார்கள். சாப்மன் அதை மஸ்வெல் ஹில்லில் இருந்த காதலி ஹேசல் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோனார். பாடியைக் கழற்றி எறிந்தார். விமானம் கட்டும் முறையில், அலுமினியத் தகடு ஒட்டிய ப்ளைவுட்டில் புது பாடி செய்தார். எடை குறைவு, உறுதி அதிகம். 1948-ல் அந்த கார் சேற்றிலும் மேட்டிலும் ஏறும் போட்டிகளில் ஓடியது. முதல் லோட்டஸ் அதுதான்.

1952-ல் ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி கம்பெனி தொடங்கினார். இடம்? ஹார்ன்சியில் அப்பா நடத்திய ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயம்! பகலில் அலுமினிய நிறுவனத்தில் வேலை, ராத்திரியில் லாயத்தில் கார். 1954-ல் ஹேசல் மனைவியானார்.

முதலில் கிட்டாக விற்றது 'மார்க் 6'. மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த அந்த ஃப்ரேமின் எடை சுமார் 25 கிலோதான். இன்ஜின், கியர்பாக்ஸையெல்லாம் பழைய ஃபோர்டு காரில் இருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாம். எடை குறைந்தால் சின்ன இன்ஜினே போதும். பிரேக்குக்கும் டயருக்கும்கூட வேலை குறைவு. காசில்லாதவனும் ரேஸ் ஓட்டலாம்!

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அன்றைய பிரிட்டனில் முழு காருக்கு விற்பனை வரி தீட்டிவிடுவார்கள். பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1957-ல் வந்த 'லோட்டஸ் செவன்', வரியோடு முழு காராக 1,036 பவுண்டு. கிட்டாக வாங்கினால் 526 பவுண்டு. கிட்டோடு பூட்டும் முறையை எழுதித்தரக் கூடாது என்பதால், கழற்றும் முறையை எழுதித்தந்தார்கள், வாங்கியவர்கள் அதைத் தலைகீழாகப் படித்துப் பூட்டினார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

அதே 'எடையைக் குறை' மந்திரம் ஃபார்முலா ஒன் வரை போனது. 1963 முதல் 1978 வரை 7 முறை அணிகளுக்கான சாம்பியன் பட்டம். ஆனால், அதற்கு ஒரு விலையும் இருந்தது. லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனால் எளிதில் உடைபவை என்ற பேச்சு பந்தய வட்டாரத்தில் எப்போதும் உண்டு. 1968-ல் உயிர் நண்பர் ஜிம் கிளார்க், 1970-ல் ஜோகன் ரிண்ட் என இரண்டு பெரிய வீரர்கள் லோட்டஸில் ஓட்டும்போதே உயிரிழந்தார்கள். கிளார்க் மரணம் சாப்மனை நொறுக்கிப்போட்டது.

1982 டிசம்பரில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 54. அதன் பிறகு டெலோரியன் கார் கம்பெனி பண மோசடி விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது. மனுஷன் புகழோடு கறையையும் சேர்த்தே விட்டுப்போனார்.

1973-ல் வாட் வரி வந்ததும் கிட்டுக்கான வரிச்சலுகை போய்விட்டது. அதே வருஷம் செவனின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. இன்று வரிக்கு பயந்து யாரும் கிட் வாங்குவதில்லை. ஆனாலும் வாங்குகிறார்கள், ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்குகிறார்கள். தன் கையால் பூட்டிய கார் முதல்முறை ஸ்டார்ட் ஆகும் சத்தம், எந்த ஷோரூமிலும் கிடைக்காதே!