இரைச்சலில் விண்ணைக் கேட்டவர்

வானொலி வானியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் ஜான்ஸ்கி, அமெரிக்க நாட்டின் நார்மன் நகரில் 1905ஆம் ஆண்டு பிறந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற அவர், சிறுநீரக நோயோடு போராடியவாறே 1928இல் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியேற்றார். அட்லாண்டிக் கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சலின் மூலத்தை அறிவதே அவருக்கு இடப்பட்ட பணி.

ஃபோர்டு மோட்டார் வண்டிச் சக்கரங்களின்மீது சுழலும், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள ஏரியலை அவர் அமைத்தார். அண்மை இடி, தொலைதூர இடி ஆகியவற்றின் ஒலிகளைப் பிரித்தறிந்த பின்னரும் மெல்லிய சீறலொன்று எஞ்சியது. கதிரவனே அதன் மூலமென முதலில் கருதினார். ஆயின் அச்சீறல் 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சமடைந்தது. அது விண்மீன்கள் வானில் சுற்றிவரும் கால அளவாகும். பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்தே அவ்வலைகள் வருகின்றன என்பதை 1933இல் உலகிற்கு அறிவித்தார்.

மேலும் ஆராய விழைந்தார். நிறுவனமோ வேறு பணிகளை ஒப்படைத்தது. உரிய சிறப்புகளைக் காணாமலே 1950இல், தம் 44ஆம் வயதில் மறைந்தார்.

பெரும் விண்மீன்கள் வெடித்துச் சிதறுகையில் விரைவூட்டப்படும் மின்னணுக்கள், காந்தப் புலத்தில் சுழன்று வானொலி அலைகளை உமிழ்கின்றன. தூசுப் படலம் ஒளியை மறைத்தாலும் இவ்வலைகளை மறைப்பதில்லை. ஆதலால், தொலைதூர விண்மீன் திரள்களில் புது விண்மீன்கள் பிறக்கும் வேகத்தை இவற்றால் கணிக்கின்றனர். அவ்வலைகளின் வலிமையை அளக்கும் அலகிற்கு 1973இல் ஜான்ஸ்கியின் பெயரே சூட்டப்பட்டது. நியூமெக்சிகோவில் 27 ஏரியல்கள் கொண்ட மாபெரும் தொலைநோக்கியும் 2012 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஞ்சிய சிறு ஒலியையும் புறக்கணியாத பொறுமையே அவர் விட்டுச்சென்ற செல்வம். மாணவர் அதனைப் போற்றிக் கொள்வாராக!