மறைபோதகர்களின் சகோதரி

மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர் யார் என்று கேட்டால், புனித சவேரியார் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். கடல் பல கடந்து நம் முத்துக்குளித்துறைக்கும் வந்தவர் அவர். அவருக்கு இணையான பாதுகாவலியோ, கன்னியர் மடத்துக்குள் நுழைந்தபின் அதன் மதிலைத் தாண்டாத ஓர் இளம் துறவி. அவரே சிறுமலர் என நாம் அன்புடன் அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தெரேசம்மாள் பிறந்தார். நான்கு வயதிலேயே தாயை இழந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் வயதில், அதாவது 15ஆம் வயதில், லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். தமக்குக் குருவான ஒரு சகோதரர் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் சகோதரர் இருவரும் அவர் பிறக்கும் முன்பே கைக்குழந்தைகளாக இறந்துவிட்டனர்.

அந்த ஆசையை ஆண்டவர் வேறு வழியில் நிறைவேற்றினார். ஆப்பிரிக்காவில் மறைப்பணி புரிய விரும்பிய மொரீஸ் பெலியேர் என்னும் குருமாணவர், தமக்காகச் செபிக்க ஒரு கன்னியாஸ்திரி வேண்டும் என்று 1895இல் அம்மடத்துக்கு எழுதினார். மடத்துத் தலைவி அப்பொறுப்பைத் தெரேசம்மாளிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு, சீனாவுக்குப் புறப்பட்ட அடோல்ப் ரூலான் அடிகளாரும் அவருக்குச் சகோதரரானார். அடிகளார் சென்ற செச்சுவான் பகுதியின் வரைபடத்தைத் தெரேசம்மாள் தாம் வேலை செய்யும் இடத்தில் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

வீட்டையும் நாட்டையும் விட்டுச் செல்வோரின் நெஞ்சில் எத்தனை அச்சம், எத்தனை தனிமை! பெலியேர் தம் பழைய குற்றங்களை எண்ணி மனம் குன்றினார். தண்டனைக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளாமல், தந்தையின் கைகளில் ஓடிவந்து விழும் பிள்ளையைப்போல இறைவனிடம் செல்லும்படி தெரேசம்மாள் எழுதி, அவரைத் தேற்றினார். இத்தனைக்கும் அப்போது அவரே காசநோயால் மரணப் படுக்கையில் கிடந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், நடக்க இயலாமல் தள்ளாடிய வேளையிலும், எங்கோ களைத்து நிற்கும் ஒரு மறைபோதகருக்காகத் தம் ஒவ்வோர் அடியையும் ஒப்புக்கொடுத்தார்.

1897 செப்டம்பர் 29இல் பெலியேர் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். மறுநாளே தெரேசம்மாள் தம் 24ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1925இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், 1927இல் சவேரியாருக்கு இணையாக அவரை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கினார்.

மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் காசு போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? தொலைநாடுகளில் உழைக்கும் குருக்களுக்கும் கன்னியருக்கும் சோர்வு உண்டு, கண்ணீர் உண்டு. அவர்களுக்காக நாளும் ஒரு செபம் சொல்லுவோம். அன்பாக ஒரு கடிதமும் எழுதுவோம். சிறுமலர் நமக்குக் காட்டிய வழி இதுவே.