படத்தைக் காட்டி மனத்தை அளந்தவர்!

ஒரு படம். வண்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமான்கள். அதை ஓர் ஆளும் ஒரு பையனும் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தப் படத்தை மூன்று வயதுக் குழந்தையிடம் காட்டினால், வண்டி, ஆள், பையன் என்று பெயர் சொல்லும். ஏழு வயதுப் பிள்ளை, அவர்கள் வண்டி இழுப்பதைச் சொல்லும். நன்றாக வளர்ந்த பிள்ளைதான், பாவம், குடியிருந்த வீட்டை விட்டு மனம் நொந்து போகிறார்கள் என்று சொல்லும்.

பிறர் மனத்தில் உள்ள துயரம் எந்த வயதில் புலப்படுகிறது? இதை அளக்க முயன்றவர், பிரெஞ்சு நாட்டு மனோதத்துவ அறிஞர் ஆல்பிரெட் பினே.

அவர் 1857-ம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் டாக்டர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாயாரிடம் வளர்ந்தார். சட்டம் படித்துத் தேறினார். அந்தத் தொழிலில் மனம் செல்லவில்லை. நூல் நிலையத்தில் உட்கார்ந்து தாமாகவே மனோதத்துவம் கற்றார்.

நோயாளி படித்த மனம்

பாரிஸ் நகரில் சார்க்கோ என்ற பெரிய டாக்டரிடம் சேர்ந்தார். அங்கே நோயாளியை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக் காந்தத்தை அருகே கொண்டு போவார்கள். வலது கையின் அசைவு இடது கைக்கு மாறும்! காந்தத்தின் சக்தி என்று பினே நம்பினார், அப்படியே எழுதினார்.

பெல்ஜியம் நாட்டு அறிஞர் டெல்பெஃப் நேரில் வந்து பார்த்தார். குட்டு உடைந்தது. நடக்கப் போவதை டாக்டர்கள் நோயாளியின் முன்னாலேயே பேசினார்கள். அவர்கள் எதிர்பார்த்தபடியே அவள் செய்துகாட்டினாள். மனத்தை ஆராய வந்தவரின் மனத்தை நோயாளி படித்துவிட்டாள்! பினே தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டு மகள்கள்

அடுத்து அவர் ஆராய்ந்தது சொந்த மகள்களை. மாடலின், ஆலிஸ் இருவரும் அப்போது வளர்ந்து வரும் பெண்கள். தகப்பனார் ஒரு சொல்லைச் சொல்வார். அதைக் கேட்டதும் மனத்தில் என்ன ஓடிற்று என்று அவர்கள் சொல்ல வேண்டும். மூத்தவள் கண்ட பொருளை உள்ளபடி சொன்னாள். இளையவள் கற்பனையில் மிதந்தாள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. மனம் மட்டும் வேறு! 1903-ல் இதை நூலாக வெளியிட்டார். மகள்களின் பெயரை மாற்றி எழுதினார். தகப்பனாரின் பொறுமை பெரிது. அந்தப் பெண்களின் பொறுமை அதைவிடப் பெரிது.

1904-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு கமிட்டி அமைத்தது. படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவ வேண்டும். அதுவரை ஒரே பிள்ளைக்கு ஒரு டாக்டர் ஒரு பட்டம் சூட்டுவார். இன்னொருவர் வேறு பட்டம் சூட்டுவார். தவறான பட்டம் விழுந்தால் பிள்ளையின் வாழ்வே போச்சு!

பினேயும் இளம் டாக்டர் சிமோனும் 1905-ல் 30 சோதனைகள் வகுத்தார்கள். 1908-ல் வயதுவாரியாகப் பிரித்தார்கள். படத்தின் உட்பொருளைச் சொல்லும் வயது 12 என்று வைத்தார்கள். அது போதாது என்று கண்டு, 1911-ல் 15 ஆக உயர்த்தினார் பினே. அதே ஆண்டு அக்டோபரில், 54-வது வயதில் காலமானார்.

அறிவு பிறப்போடு முடிந்த கணக்கல்ல, பயிற்சியால் வளரும் என்பது அவர் கட்சி. ஆனால் 1916-ல் அமெரிக்காவில் டெர்மன் அந்தச் சோதனையைத் திருத்தி, பிள்ளையின் அறிவை ஒரே எண்ணில் அடக்கினார். அந்த எண்ணே உலகெங்கும் பரவியது.

சோதனை நம் நாட்டுக்கும் வந்தது. பினேயின் கேள்விகளில் ஒன்று: அண்டை வீட்டுக்கு டாக்டர், வக்கீல், பாதிரியார் மூவரும் வந்து போகிறார்கள், அங்கே என்ன நடக்கிறது? யாரோ சாகக் கிடக்கிறார் என்று பாரிஸ் பிள்ளை ஊகித்துவிடும். ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்துப் பிள்ளையிடம் இதை அப்படியே கேட்டால், பாதிரியாருக்கு அங்கே என்ன வேலை என்றல்லவா யோசிக்கும்! வி. வி. காமத் என்ற அறிஞர், கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கு ஏற்பச் சோதனையை மாற்றி அமைத்து, 1940-ல் நூலாக வெளியிட்டார்.